மின்னஞ்சல் புரட்டு: ஏமாந்தவனா வெட்கப்பட வேண்டும்?

இப்பொழுது நமது நாட்டில் பணம் கொடுப்பதும் வாங்குவதும் பெரும்பாலும் செல்போன் மூலமாகவே நடைபெற்று வருகின்றது. மகாராஜபுரத்து டீக்கடையிலும், வத்திராயிருப்பு உரக்கடையிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையிலும், ராஜபாளையத்து ஜவுளிக் கடையிலும் கியூஆர் அட்டை ஒன்று நிற்கக் காணலாம். 2016-ம் வருஷத்தில் யுபிஐ என்னும் முறை வந்தது முதல் இந்த மாறுதல் வெகு வேகமாய் ஏற்பட்டிருக்கின்றது. இதை நாம் குறைகூற வரவில்லை. திருப்பூரில் வேலை செய்யும் மகன் ஊரிலிருக்கும் தாய்க்கு ஒரு நிமிஷத்தில் பணம் அனுப்ப முடிகின்றதென்றால் அது மனித அறிவின் பயனேயாகும். ஆனால் பணம் எந்த வழியில் போகின்றதோ அந்த வழியில் திருடனும் போய்க் காத்திருப்பான் என்பதும் உலக அனுபவமல்லவா? அப்படிக் காத்திருப்பவனைப் பற்றியும், அவனுக்கு நாமும் நமது வங்கிகளும் எப்படித் துணையாக இருந்து வருகின்றோம் என்பதைப் பற்றியுமே இங்கு எழுதுகின்றோம்.

இந்தத் திருடன் கன்னக்கோலோடு வருவதில்லை. கடிதத்தோடு வருகின்றான். வங்கியின் பெயரும், பணம் அனுப்பும் கம்பெனியின் சின்னமும் போட்டு ஒரு மின்னஞ்சல் வரும். "உங்கள் கணக்கில் சந்தேகமான காரியம் நடந்திருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும், கீழே தொடவும்" என்பது போல அதில் எழுதியிருக்கும். அல்லது, "உங்களுக்குப் பணம் திரும்ப வரவேண்டியிருக்கிறது, பெற்றுக்கொள்ள இங்கே தொடவும்" என்றிருக்கும். தொட்டால் அசல் வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். அதில் பெயரையும், பாஸ்வேர்டையும், கார்டு நம்பரையும் எழுதினால் அவ்வளவும் திருடன் கைக்குப் போய்ச் சேரும்.

இது ஏதோ நேற்று முளைத்த தந்திரமல்ல. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் அமெரிக்கா ஆன்லைன் என்ற கம்பெனியின் சந்தாதாரர்களிடம், அக்கம்பெனியின் சிப்பந்திகள் எழுதுவது போல எழுதிப் பாஸ்வேர்டுகளைப் பறித்தவர்கள் இருந்தார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போன்ற வேலையானதால் ஆங்கிலத்தில் மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லையே எழுத்தை மாற்றி 'பிஷிங்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2000-ம் வருஷத்தில் பேபால் என்னும் பணம் அனுப்பும் கம்பெனியின் பெயரில் ஒரு புரட்டு நடந்தது. அக்கம்பெனியின் பெயரில் கடைசியாக நிற்கும் 'எல்' என்ற சின்ன எழுத்துக்குப் பதிலாக 'ஐ' என்ற பெரிய எழுத்தைப் போட்டார்கள். இரண்டும் பார்வைக்கு ஒரே கோடாகத்தான் தெரியும். அந்த ஒரு கோட்டை நம்பி அசல் கம்பெனிக்குள் நுழைவதாக நினைத்து ஜனங்கள் திருடன் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

அமெரிக்காவில் நடந்தால் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நமக்கு வெகு சமீபத்திலுள்ள தூத்துக்குடியிலேயே இதற்குத் தக்க உதாரணம் இருக்கின்றது. அங்கு ஐசிஐசிஐ வங்கிக் கிளையில் கணக்கு வைத்துக்கொண்டு அபுதாபியில் வேலை பார்த்து வந்த ஒருவருக்கு 2007 செப்டம்பரில் வங்கியின் பெயரால் ஒரு மின்னஞ்சல் வந்தது. விவரங்களைக் கொடுக்காவிட்டால் கணக்கே இல்லாமல் போய்விடும் என்று அது மிரட்டிற்று. அவரும் வங்கிதான் கேட்கின்றது என்று நம்பிக் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து ரூ. 6.46 லட்சம் போய்விட்டது. அந்தப் பணம் எங்கே போயிற்று? ஆகாயத்துக்கா போயிற்று? இல்லை. அதே வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒரு கம்பெனியின் கணக்குக்குப் போயிற்று. அதில் பெரும்பகுதி மும்பையிலுள்ள அவ்வங்கிக் கிளையில் செக் கொடுத்து ரொக்கமாகவே எடுக்கப்பட்டது.

பணம் போனவர் கேட்டதற்கு வங்கி சொன்ன சமாதானம் என்ன? "இரகசியத்தை நீரே கொடுத்தீர், அஜாக்கிரதை உம்முடையது, நாங்கள் பொறுப்பல்ல" என்பதுதான். அவர் அதோடு வாயை மூடிக்கொண்டு போகவில்லை. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பதிகாரியாயிருந்த தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் வழக்குக் கொண்டுபோனார். 2010 ஏப்ரலில் தீர்ப்புக் கிடைத்தது. தன் பெயரில் வரும் போலிக் கடிதத்தையும் அசல் கடிதத்தையும் வாடிக்கைக்காரன் பிரித்தறிய வழி செய்யாததும், தக்க காவல் வைக்காததும் வங்கியின் குற்றம் என்று கண்டு, வட்டியும் செலவும் உட்பட ரூ. 12.85 லட்சம் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. வங்கி அதன்மேல் அப்பீலுக்குப் போயிற்று என்றாலும், "ஏமாந்தவன் தலையெழுத்து" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதை அந்தத் தீர்ப்பு நாட்டுக்கு எடுத்துக் காட்டிற்று.

இந்த விஷயத்தில் முதலாவதாக யோசிக்க வேண்டியது, இப்படிப்பட்ட கடிதத்தை மனிதன் ஏன் நம்புகின்றான் என்பதாகும். படிப்பில்லாததால் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. அபுதாபியில் உத்தியோகம் பார்த்துக் கம்ப்யூட்டர் மூலம் வங்கிக் கணக்கு நடத்தியவர் படிப்பில்லாதவரா? வக்கீல்களும், டாக்டர்களும், கல்லூரி ஆசிரியர்களும் இன்றைக்கும் இதில் மாட்டிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். காரணம் வேறு. மேலேயிருந்து ஒரு உத்தரவு, அதற்கு ஒரு கெடு, செய்யாவிட்டால் ஒரு கேடு என்று இம்மூன்றையும் சேர்த்துச் சொன்னால் உடனே தலைவணங்கி நடப்பது என்பது நமக்கு வெகு காலமாகப் பழக்கப்பட்டுப் போன காரியம்.

முன்காலத்தில் தபால் கார்டில் ஒரு கடிதம் வருமே, நமது வாசகர்களில் வயதானவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். "இதைப் போல இத்தனை பேருக்கு எழுதிப் போடு, போட்டவனுக்குப் புதையல் கிடைத்தது, கிழித்தெறிந்தவன் இரத்தம் கக்கிச் செத்தான்" என்று சாமி பெயரால் எழுதியிருக்கும். எழுதினவன் யாரென்று தெரியாது. புதையல் கிடைத்தவன் ஊர் தெரியாது. செத்தவன் பெயர் தெரியாது. ஆனாலும் கூலி வேலை செய்கின்றவன்கூட காசு கொடுத்துக் கார்டு வாங்கி எழுதிப் போட்டான். ஏன்? "உண்மையாயிருந்துவிட்டால் என்ன செய்வது?" என்ற பயம்தான். ஜோசியன் சொல்லும் தோஷத்திலும், "இத்தனை நாளைக்குள் பரிகாரம் செய்" என்ற கெடுவிலும் வேலை செய்வது அந்தப் பயமேதான். அந்தப் பழைய கார்டில் சாமி பெயரிருந்த இடத்தில் இன்றைக்கு வங்கியின் பெயரிருக்கின்றது. இரத்தம் கக்குவாய் என்ற இடத்தில் கணக்கு முடங்கும் என்றிருக்கின்றது. புதையல் இருந்த இடத்தில் கேஷ்பேக் இருக்கின்றது. வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆகவே இந்த நோய்க்கு மருந்து கம்ப்யூட்டர் படிப்பு மாத்திரமல்ல. "யார் சொன்னது?" என்று கேட்பதோடு நிற்காமல், "அவன்தான் சொன்னான் என்பதற்கு என்ன ருசு?" என்று கேட்கும் பழக்கமே மருந்து. அந்தக் கேள்வியை ஒரு மின்னஞ்சலிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது, அனுப்பினவன் பெயர் என்று மேலே தெரிவது அவனே எழுதிக்கொண்ட பெயராகும். உறைமேல் "அனுப்புநர்: கலெக்டர்" என்று எவன் வேண்டுமானாலும் எழுதலாம்; அதனாலேயே அது கலெக்டர் ஆபீஸ் கடிதமாகிவிடாது. பெயரைத் தொட்டுப் பார்த்தால் உள்ளேயிருக்கும் விலாசம் தெரியும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விலாசத்தைப் படிக்கும் விதம். ஒருவன் தன் வீட்டுக்கு "ராஜபாளையம் இல்லம்" என்று பெயர் வைத்தால் அந்த வீடு ராஜபாளையத்தில் இருப்பதாக ஆகிவிடுமா? ஊர் எது என்பது விலாசத்தின் கடைசி வரியில்தானே இருக்கும்? இதுவும் அப்படியே. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் பகுதிகள்தான் சொந்தக்காரன் யார் என்பதைக் காட்டும். முன்னால் வங்கியின் பெயர் எத்தனை தடவை வந்தாலும் அது வீட்டுப் பெயர்தான். இதை உத்தேசித்தே ரிசர்வ் வங்கி, நமது நாட்டு வங்கிகள் தங்கள் இணைய விலாசத்தை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றிக்கொள்ள வேண்டுமென்று 2025-ல் உத்தரவு செய்து, அக்டோபர் 31 வரை தவணை கொடுத்தது. அந்த முடிவு வங்கிகளுக்கு மாத்திரமே கொடுக்கப்படுவது. ஆதலால் வங்கி என்று சொல்லிக்கொண்டு வரும் பக்கத்தின் விலாசம் அப்படி முடியாவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, பூட்டுச் சின்னம். பக்கத்தின் மேல் பூட்டுப் படமிருந்தால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். கடிதத்தை வழியில் வேறொருவன் பிரித்துப் படிக்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டின் அர்த்தம். கடிதத்தை வாங்கிப் படிக்கின்றவன் யோக்கியன் என்பது அதன் அர்த்தமல்ல. திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு.

நான்காவது, ஓடிபி. "பாஸ்வேர்டு போனாலும் ஓடிபி இல்லாமல் பணம் போகாதே" என்று தைரியமாயிருப்பவர்கள் உண்டு. நீங்கள் போலிப் பக்கத்தில் எழுதும் அதே நேரத்தில் திருடன் அதை அசல் பக்கத்தில் எழுதுகின்றான். அசல் வங்கி உங்களுக்கு ஓடிபி அனுப்புகின்றது. அதையும் போலிப் பக்கம் கேட்கின்றது, நீங்களே கொடுத்துவிடுகின்றீர்கள். வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு இரண்டு சாவியையும் ஒருவனிடமே கொடுப்பது போன்றது இது. பின் நம்பர் விஷயமும் அப்படியே. யுபிஐ-யில் பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்குத்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதேயில்லை. "பணம் வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ளப் பின் நம்பர் போடு" என்று எவன் சொன்னாலும் அவன் திருடனே. இந்தப் புரட்டு மிகுந்துபோனதால்தான், ஒரு தனி ஆள் மற்றொரு தனி ஆளிடம் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதியை யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படியாயிற்று.

இவ்வளவும் பார்த்துவிட்டால் போதுமா என்றால், போதாது. இன்னொரு விதமும் இருக்கின்றது. பேபால் கம்பெனியில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி மற்றவர்களுக்கு பில் அனுப்பலாம். திருடன் அங்கே கணக்குத் தொடங்கி, நீங்கள் வாங்காத சாமானுக்கு ஒரு பில் எழுதி, "ஆட்சேபம் இருந்தால் இந்த நம்பருக்குப் போன் செய்யவும்" என்று தன் போன் நம்பரையும் அதில் எழுதிவிடுகின்றான். கடிதம் அசல் கம்பெனியிலிருந்தே வரும். விலாசமும் அசல்தான். உள்ளே இருக்கும் சங்கதி மட்டும் பொய். இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் கொடுக்கல் வாங்கலை அக்கம்பெனி 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் வெளிநாட்டு வேலை செய்து அதன் மூலம் பணம் வாங்குகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கின்றார்கள்.

ஆகவே முடிவான விதி ஒன்றுதான். கடிதம் அசலா போலியா என்று கண்டுபிடிக்கக்கூட வேண்டியதில்லை. கடிதம் காட்டும் வழியில் போகாதீர்கள். அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள்; அதிலுள்ள நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். உங்கள் கணக்கில் கோளாறு என்றால், நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் நீங்களாகவே போய்ப் பாருங்கள். பாஸ்புக்கிலும் கார்டின் பின்புறத்திலும் இருக்கும் நம்பருக்கு நீங்களாகவே பேசுங்கள். அல்லது வங்கிக்கே நடந்து போய்க் கேளுங்கள். உண்மையான கோளாறானால் அங்கேயும் அது தெரியத்தானே வேண்டும்?

இனி வங்கிகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். "லிங்க்கைத் தொடாதே, யாரையும் நம்பாதே" என்று இவர்கள் வாடிக்கைக்காரனுக்கு உபதேசம் செய்கின்றார்கள். ஆனால் கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று லிங்க்கோடு செய்தி அனுப்புவதும் இவர்களேதான். கேஒய்சி கொடுக்காவிட்டால் கணக்கு நிற்கும் என்று உண்மையாகவே எச்சரிக்கை அனுப்புவதும் இவர்கள்தான். அதையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அனுப்புகின்றார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கின்ற தொழிலாளிக்கும், மலையடிவாரத்தில் தென்னை வைத்திருக்கும் குடியானவனுக்கும் தன் பணத்தைப் பற்றித் தனக்கு வரும் கடிதத்தைத் தானே படிக்க முடிவதில்லை. படிக்கத் தெரிந்த ஒருவனிடம் போனைக் கொடுத்து, "என்ன போட்டிருக்கிறது பார்" என்று கேட்க வேண்டியவனாக இருக்கிறான். முன்னே சமஸ்கிருதத்தில் சொன்னதற்கு அர்த்தம் தெரியாமல் தட்சணை வைத்தவன், இப்போது ஆங்கிலத்தில் சொன்னதற்கு அர்த்தம் தெரியாமல் ஓடிபி கொடுக்கின்றான். இதில் அவன் அஜாக்கிரதை எவ்வளவு, அவனுக்குப் புரியாத பாஷையில் எழுதினவர்கள் அஜாக்கிரதை எவ்வளவு என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா?

2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. வங்கியின் குற்றத்தால் பணம் போனால் வாடிக்கைக்காரனுக்குப் பொறுப்பே இல்லை. அவன் பேரிலும் வங்கி பேரிலும் குற்றமில்லாமல் வேறெங்கோ நேர்ந்த தவறானால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் பொறுப்பில்லை. அவனே இரகசியத்தைக் கொடுத்திருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பின்பு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. குற்றம் வாடிக்கைக்காரனுடையது என்று ருசுப்படுத்த வேண்டியதும் வங்கியேதான் என்று அதில் எழுதப்பட்டது. இதை எத்தனை வங்கிக் கிளைகளில் தமிழில் எழுதி, எல்லாருக்கும் தெரியும்படி மாட்டியிருக்கிறார்கள் என்று தோழர்கள் தத்தம் ஊரில் போய்ப் பார்க்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கின்றது. அதுதான் வெட்கம். நமது கிராமங்களில் பணம் பறிகொடுத்தவன் அதை வெளியே சொல்லுவதில்லை. மனைவி புருஷனிடம் மறைக்கின்றாள். மகன் தகப்பனிடம் மறைக்கின்றான். வாத்தியார் ஊரிடம் மறைக்கின்றார். சொன்னால், "இவ்வளவு படித்துமா?" என்று சிரிப்பார்கள். வீட்டில் கன்னம் வைத்துத் திருடினால் ஊரே கூடித் திருடனைத் தேடுகின்றது. கடிதம் எழுதித் திருடினால் ஊரே கூடிப் பறிகொடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கின்றது. இது என்ன நியாயம்? இப்படிச் சிரிக்கின்ற ஒவ்வொருவனும் திருடனுக்குச் சம்பளமில்லாத கூட்டாளி என்பதே நமது அபிப்பிராயம். ஏனென்றால் பறிகொடுத்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கின்றது.

இன்னும் சிலர் செய்வது என்ன? போன பணம் கிடைக்குமா என்று குறி கேட்கப் போகின்றார்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கின்றார்கள். மை போட்டுப் பார்க்கிறவனுக்கு மும்பைக் கிளையில் செக் கொடுத்துப் பணம் எடுத்தவன் முகம் தெரியுமானால், போலீசுக்கும் கோர்ட்டுக்கும் வேலை ஏது? முதலில் போனது வங்கியிலிருந்த பணம். இரண்டாவதாகப் போவது மடியிலிருந்த பணமும், கிடைத்தற்கரிய நேரமுமாகும்.

பணம் போயிற்று என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். இது நாடு முழுவதுக்கும் சர்க்கார் வைத்திருக்கும் நம்பர். பணம் போன கணக்கை அங்கிருந்து அந்த வங்கிக்குத் தெரிவித்து நிறுத்திவைக்க வழியிருக்கின்றது. சீக்கிரம் சொன்னால் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவித்து, தெரிவித்ததற்கு ஒரு நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற சர்க்கார் பக்கத்திலும் புகார் எழுதலாம். கம்ப்யூட்டர் மூலம் வேறொருவர் போல நடித்து மோசம் செய்கின்றவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்று வருஷம் வரை ஜெயிலும், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றவாளி அவன்தான், நீங்களல்ல.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியது இரண்டு காரியங்கள். படிப்பகங்களிலும், டீக்கடைகளிலும், மில் வாசல்களிலும் இதை எடுத்துச் சொல்லி, இப்படிப்பட்ட கடிதம் வந்தவர்கள் அதை நாலு பேருக்குக் காட்டும்படி செய்ய வேண்டும். நாலு பேர் பார்த்த தூண்டிலில் ஐந்தாவது மீன் மாட்டாது. பறிகொடுத்தவர்கள் வந்தால் சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து 1930-க்குப் போன் செய்து கொடுக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் போய், "எங்கள் பணத்தைப் பற்றி எங்களுக்கு எழுதுவதைத் தமிழில் எழுது, லிங்க் இல்லாமல் எழுது, எங்கள் உரிமை இன்னதென்று சுவரில் எழுதி மாட்டு" என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். தூத்துக்குடிக்காரர் ஒருவர் தனியாக நின்று கேட்டதற்கே ஒரு பெரிய வங்கி பதில் சொல்ல நேர்ந்ததென்றால், ஊர் ஊராக நின்று கேட்டால் பதில் வராமலா போகும்?